காண்டாமிருகத்தின் வயிற்றில் விழுந்த சாம்பல் பட்டை

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் வெளியிட்ட காண்டாமிருக மரச்செதுக்கு அச்சைப் பெரிதாக்கி எங்கள் விறாந்தைச் சுவரில் மாட்ட நினைத்தேன். மிருகத்தை நேரில் பாராமலே அவர் வரைந்த படம். ஒவ்வொரு கோடும் அவ்வளவு உயிரோடு இருக்கும். யாழ்ப்பாணம் டவுனில் ஏ3 அளவில் லேசர் அச்சு எடுத்தால், வயிற்றுப் பகுதியில் நெருக்கமான கோடுகள் மேல் சாம்பல் பட்டைகள்.

தாளை மாற்றினோம், படத்தைக் கூர்மையாக்கினோம், வேறு கடைக்கும் போனேன். பட்டை போகவில்லை. "மெஷினில பிழையில்லை அண்ணை, படத்திலதான் ஏதோ" என்றார் கடைத் தம்பி.

அளவைச் சற்றுக் குறைத்து எடுத்தபோது பட்டை இடம் மாறியிருந்தது. விஷயம் அங்கேதான். மரச்செதுக்கில் கறுப்பும் வெறுந்தாளும் மட்டும்தான். ஸ்கேன் செய்த படத்திலோ கோட்டின் ஓரமெல்லாம் சாம்பல். பிரிண்டர் அந்தச் சாம்பலைச் சிறு புள்ளிகளாக உடைக்கிறது. புள்ளி வரிசையும் கோட்டு வரிசையும் மோதித்தான் பட்டை தெரிகிறது.

அப்புறம் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தை முதலில் இறுதி அளவுக்கு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) பெரிதாக்கினேன். பிறகே, சாம்பலைக் கறுப்பு அல்லது வெள்ளையாகப் பிரிக்கும் த்ரெஷோல்ட் கொடுத்து முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கினேன். இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி உடையும். ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாகச் சேமித்து, 'தாளுக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடச் சொன்னேன்.

பட்டை இல்லை. கால் செதில்கள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. பழைய தாளின் நிறம் வேண்டுமென்றால் மங்கல் மஞ்சள் தாளில் எடுங்கள், படத்தில் நிறம் சேர்க்க வேண்டாம்.