ஜி.எஸ்.பி. பிளஸ்ஸைக் காட்டி முறையிடும்போது செய்யும் தவறுகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அரைப்பேர் (பாதிநாள் சம்பளம்) போட்டுவிட்டால் போதும், ‘ஐரோப்பாவுக்கு எழுதி ஜி.எஸ்.பி. பிளஸ்ஸை நிறுத்துவோம்’ என்று ஹட்டன் பக்கத்துக் கூட்டங்களில் யாராவது மேசையைத் தட்டுவார். மேசைக்குத்தான் வலிக்கும்.

அது இலங்கை கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் அல்ல. 27 சர்வதேச சாசனங்களை நடைமுறைப்படுத்த உடன்படும் நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் இறக்குமதித் தீர்வைச் சலுகை. அதில் நடுவர் குழு கிடையாது. கண்காணிப்பு உண்டு, கடைசியில் சலுகையைப் பறிப்பதும் உண்டு. 2010இல் பறித்தார்கள், 2017இல் திருப்பித் தந்தார்கள். கறுப்புத் தேயிலையோ இந்தச் சலுகை இல்லாமலே அங்கே தீர்வையின்றி நுழைகிறது. சலுகை போனால் அடி விழுவது ஆடைத் தொழிற்சாலைகளில். அங்கே தைப்பவர்களில் நம் லயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மெய்யான ஒப்பந்தங்களில் ஒரு சொற்றொடரே வழக்கைக் கவிழ்த்துவிடும். குவாத்தமாலா தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தவில்லை என்று அமெரிக்கா தொடுத்த வழக்கு 2017இல் தோற்றது. சில இடங்களில் சட்டம் மீறப்பட்டதை நடுவர்கள் ஏற்றார்கள்; ‘வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்’ தொடர்ச்சியாக நடந்தது என்பதுதான் நிறுவப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்கில், வர்த்தகத்தைப் பாதிக்கவில்லை என்ற அதே வாதத்தைத் தென்கொரியாவும் எடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் வாசகம் வேறு என்பதால் 2021 தீர்ப்பில் அது எடுபடவில்லை.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது குறையைச் சொல்லும் விதத்தில். ‘சம்பளம் போதாது’ என்பது நியாயமான பேச்சு, ஆனால் அந்த 27இல் குறைந்தபட்சச் சம்பளச் சாசனம் இல்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை மறுத்தால் 87ஆம், 98ஆம் தொழில் சாசனங்கள் பேசும். பல தோட்டங்களில் கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்) ஆண் பகலோடு முழுப்பேர் வாங்கிப் போகிறார். கொழுந்து பறிக்கும் பெண் மாலை நிறுவை முடியும்வரை தராசடியில் நிற்கிறார். சம பெறுமதி வேலைக்குச் சம ஊதியம் கேட்கும் 100ஆம் சாசனத்தை அங்கே நீட்டலாம். யாருமே நீட்டுவதில்லை!

2020 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு முறைப்பாட்டுக்கென ஒரு வாசலைத் திறந்தது. அது முதன்மையாக ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கானது. அங்குள்ள தொழிற்சங்கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியே தட்டாதீர்கள். உள்ளூர்த் தொழில் அலுவலகத்துக்கு எழுதிய கடிதமும் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன், கொப்பி. திகதி, மூன்று நிறுவை, தண்ணீருக்கென்று கழித்த கிலோ, வீட்டுக்கு விட்ட நேரம். மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். சங்க அலுவலகத்தில் கேட்டால் போட்டோப் பிரதியைக் கொடுங்கள், கொப்பியை அல்ல.