முதல் 25 மைல் சவாரிக்குக் குதிரையைக் கொண்டுபோகிறவர்களுக்கு

முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான். எத்தனை மணி நேரத்தில் முடிக்கணும், எங்கே ஓடவிடணும், மற்றவர்கள் முந்தினால் என்ன செய்யணும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் குதிரை பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்குமா? குடிக்கும் என்றால் பாதி வேலை முடிந்தது. தெரியாது என்றால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பழக்குங்கள்.

நான் சொல்வது அமெரிக்காவில் ஏ.இ.ஆர்.சி. (அமெரிக்கன் எண்டூரன்ஸ் ரைட் கான்ஃபரன்ஸ்) அமைப்பின் விதிப்படி நடக்கும் எண்டூரன்ஸ், அதாவது நெடுந்தூரக் குதிரைச் சவாரிகளைப் பற்றி. 1972-இல் தொடங்கிய அமைப்பு அது. 50 மைலும் அதற்கு மேலும் என்றால் எண்டூரன்ஸ், 25 முதல் 35 மைல் வரை லிமிடெட் டிஸ்டன்ஸ், பேச்சில் எல்.டி. இங்கே கலிஃபோர்னியாவில் டெவிஸ் கோப்பை என்று 1955-இல் ஆரம்பித்த ஒரு சவாரி இருக்கிறது, சியர்ரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்ன் ஊர் வரை 100 மைல், 24 மணி நேரத்துக்குள் முடிக்கணும். அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஆசைப்படுங்கள், ஆனால் 25 மைலில் ஆரம்பியுங்கள். நடுவில் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிக்கும் இடத்தில் எடுக்க வேண்டிய கட்டாய ஓய்வையும் சேர்த்து 6 மணி நேரம் தருகிறார்கள், குதிரைக்கு 4 வயது முடிந்திருந்தால் போதும். 50 மைலுக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும், நேரம் 12 மணி.

எல்.டி.யில் கோட்டைத் தாண்டியதும் கணக்கு முடிந்துவிடாது. குதிரையின் நாடித்துடிப்பு 60-க்கு இறங்குகிற நொடிதான் உங்கள் நேரம். வந்து சேர்ந்த அரை மணிக்குள் இறங்கவில்லை என்றால் முடித்ததாகவே சேர்க்க மாட்டார்கள். அதனால் ஒருவர் 10 நிமிடம் முன்னால் பாய்ந்து வந்தும் பின்னால் வந்தவரிடம் தோற்பார். எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

என் முதல் சவாரி நடுவழியில் முடிந்தது. முத்து என் அரபுக் குதிரை, அப்போது 9 வயது, வீட்டில் எந்த வாளியைக் காட்டினாலும் குடிப்பான். முதல் 13 மைலில் இரண்டு இடத்தில் தொட்டி வைத்திருந்தார்கள், இரண்டிலும் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டான். தாகம் இல்லை போல என்று நினைத்து நானும் கிளம்பிவிட்டேன். சோதனையில் மருத்துவர் விலாவுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார், அட்டையில் குடல் ஓசைக்கு ஏ போடவில்லை, சி போட்டார், குடல் சரியாக அசையவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு நான் சேணத்தை ஏற்றவே இல்லை. ஒரு மணி நேரம் புல்லும் தண்ணீரும் காட்டிக் காட்டி, கடைசியில் லத்தி போட்டான் பாருங்கள், அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி இன்னும் மறக்கவில்லை.

தாகம் இல்லை என்று நினைத்ததுதான் தப்பு. நமக்கு வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீர் அதிகமாக வெளியே போகும், ரத்தத்தில் உப்பு ஏறும், உடனே தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையோ கிட்டத்தட்ட ரத்தத்தின் அளவுக்கே, சில சமயம் அதற்கு மேலும் உப்பானது. தண்ணீரும் உப்பும் ஒன்றாகவே போய்விடுவதால் உடம்பு வற்றினாலும் தாகம் எடுக்காமல் இருக்கும். அதனால்தான் பழக்கம் முக்கியம். வீட்டில் வாளியை மாற்றி மாற்றி வையுங்கள். சவாரி பழகும்போது ஓடையில், குட்டையில், மாட்டுத் தொட்டியில் நிறுத்துங்கள், குடிக்காவிட்டாலும் 2 நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புங்கள். குடிக்கும்போது கடிவாளத்தை இழுக்காதீர்கள், பக்கத்துக் குதிரை குடித்து முடிக்கும் வரை உங்களுடையதை நகர்த்தாதீர்கள். எலக்ட்ரோலைட் பசையை, அதாவது வியர்வையில் போன உப்பை ஈடுகட்டும் பசையை, வாயில் ஏற்றுவது தண்ணீர் குடிக்கிற குதிரைக்கு மட்டும்தான். குடிக்காத குதிரைக்குக் கொடுத்தால் அந்த உப்பு இருக்கிற தண்ணீரையும் குடலுக்கு இழுத்துவிடும்.

உடல் பயிற்சிக்கு 3 மாதமாவது வேண்டும், ஏற்கெனவே ஓரளவு சவாரி பழகிய குதிரையாக இருந்தால். வாரம் 3 நாள், அதில் ஒரு நாள் நீளமாக, கொஞ்சம் கொஞ்சமாக 15 மைல் வரை கொண்டுவாருங்கள். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் தேறப் பல மாதங்கள் எடுக்கும், அதனால் மூச்சு வாங்கவில்லை என்பதை மட்டும் வைத்து அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். 6 மணி நேரத்தில் ஓய்வு ஒரு மணி நேரம் போனால் மிச்சம் 5, அதாவது மணிக்கு 5 மைல். சமமான இடத்தில் மெதுவான ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்), ஏற்றத்தில் நடை, செங்குத்தான இறக்கத்தில் இறங்கிக் கூடவே நடப்பது, இதுவே போதும்.

நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்டெதாஸ்கோப்பை இடது முன்னங்காலின் முழங்கை மூட்டுக்குப் பின்னால், வயிற்று வார் வரும் இடத்தில் அழுத்தி வையுங்கள். லப்-டப் என்று இரண்டு சத்தம் கேட்கும், இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. புதிதாகப் பார்க்கிறவர்கள் இரண்டாக எண்ணிவிட்டுக் குதிரைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். சும்மா நிற்கும்போது 28-இலிருந்து 44-க்குள் இருக்கும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எத்தனை நிமிடத்தில் 60-க்கு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வழக்கமாக 5 நிமிடத்தில் இறங்குகிற குதிரை ஒரு நாள் 15 நிமிடம் எடுத்தால் ஏதோ சரியில்லை, எங்கேயோ வலிக்கலாம் என்று அர்த்தம். கால் நொண்டுவதற்கு முன்பே நாடி அதைச் சொல்லிவிடும்.

புதுச் சேணம், புதுச் சேண விரிப்பு, புது ஹூஃப் பூட் (குளம்புக்கு மாட்டும் உறை) எதையும் சவாரி அன்று முதல்முறையாகப் போடாதீர்கள். லாடம் அடிப்பதை ஒரு வாரம், பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஹெல்மெட் 16 வயதுக்குக் கீழே கட்டாயம், பெரியவர்களும் போடுங்கள், தலை எல்லாருக்கும் ஒன்றுதான். வலி மருந்து எதையும் கொடுத்துவிட்டுக் கொண்டுவரக் கூடாது, அந்த விதி ரொம்பக் கண்டிப்பானது.

காகிதங்கள்: குதிரைக்கு ஒரு தொற்றுநோய் இல்லை என்று காட்டும் காகின்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவை வண்டியிலேயே வைத்திருங்கள். நெவாடாவுக்கோ வேறு மாநிலத்துக்கோ தாண்டினால் மருத்துவரின் உடல்நலச் சான்றிதழும் வேண்டும். காட்டு இலாகா நிலத்தில் கேம்ப் என்றால் பல இடங்களில் களைவிதை இல்லை என்று சான்றளித்த புல்லைத்தான் கொண்டுபோகணும், அதை முன்னாடியே விசாரித்து வாங்குங்கள்.

சவாரி சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கேம்ப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். ட்ரெய்லரில் கயிற்றை ரொம்பக் குட்டையாகக் கட்டாதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்றும், பல மணி நேரம் தலை தூக்கியே நின்றால் நுரையீரலில் நோய் வரலாம். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வீட்டுத் தண்ணீரையே 20 காலன் பிடித்துக்கொண்டு போனால் முதல் இரவுக்குக் கவலையில்லை.

சேர்ந்ததும் முதல் வேலை ட்ரெய்லரில் புல் பையைத் தொங்கவிடுவது. அப்புறம் வாளி, அப்புறம்தான் உங்கள் கூடாரம். புல் வெறும் தீனி இல்லை, குடலில் கிடக்கும் நார் நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுநாள் வழியில் குதிரைக்கு அதுதான் கையிருப்பு. அதனால் புல் எப்போதும் எதிரே இருக்கணும். கூடவே பீட் சக்கையை (சர்க்கரை எடுத்த பீட் கிழங்கின் சக்கை), ஊரில் மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைப்போமே அதே மாதிரி, நிறையத் தண்ணீர் விட்டு ஒரு கை உப்புப் போட்டுக் கூழாக்கிக் கொடுங்கள். தண்ணீரைத் தொடாத குதிரைகூட இதை உறிஞ்சிக் குடிக்கும். வீட்டிலேயே ஒரு மாதம் பழக்கியிருக்க வேண்டும். ஆனால் தானியத்தை அள்ளிப் போடாதீர்கள்.

உங்களுக்கும் சாப்பாடு வேண்டும். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன், இரண்டு நாள் கெடாது, குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிடலாம்.

சாயங்காலம் மருத்துவரின் முதல் சோதனை. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுவார், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்கணும். கழுத்துப் பக்கத் தோலைக் கிள்ளி விடுவார், உடனே படியணும். குடல் ஓசை, முதுகு, வார் படும் இடம், கால்கள், எல்லாவற்றுக்கும் அட்டையில் ஏ, பி, சி போடுவார். கடைசியில் நீங்கள் குதிரையைக் கையில் பிடித்து ட்ராட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். குதிரையின் தோளுக்கு நேராக ஓடுங்கள், கயிற்றைத் தளர்த்திப் பிடியுங்கள், திரும்பிக் குதிரையின் முகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் அது நின்றுவிடும். தலையை இறுக்கிப் பிடித்தால் நடை கோணலாகத் தெரியும், நல்ல குதிரையை நொண்டியாகக் காட்டிவிடுவீர்கள். வீட்டில் தினமும் இரண்டு தடவை பழக்குங்கள். சோதனை முடிந்ததும் பின்புறத்தில் மெழுகுக் கட்டியால் எண் எழுதுவார்கள்.

அப்புறம் சவாரிக் கூட்டம், அதைத் தவறவிடாதீர்கள். வழியைக் காட்டக் கட்டும் ரிப்பன் எந்தச் சுற்றுக்கு எந்த நிறம், தண்ணீர் எங்கே, நாடி எத்தனைக்கு இறங்கணும் என்று அங்கேதான் சொல்வார்கள். பொதுவாக ரிப்பன் உங்கள் வலது பக்கம் வரும். வெகுநேரம் ரிப்பனே கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். உதைக்கிற குதிரையாக இருந்தால் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள்.

இரவில் இரண்டு தடவை எழுந்து பாருங்கள். வாளி எவ்வளவு குறைந்திருக்கிறது, எத்தனை லத்தி கிடக்கிறது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். ஹால்ட்டரில் (தலையில் மாட்டும் பட்டையில்) உங்கள் செல்போன் எண் இருக்கட்டும், கட்டவிழ்த்துக்கொண்டு ஓடும் குதிரை ஒவ்வொரு கேம்ப்பிலும் ஒன்றாவது உண்டு.

காலையில் கூட்டத்தோடு கிளம்பாதீர்கள். முன்னால் போகிறவர்கள் கண்ணுக்கு மறையட்டும், 10 நிமிடம் கழித்து நடந்தே புறப்படுங்கள். உங்கள் குதிரை துள்ளும், கனைக்கும், ஓடணும் என்று கடிவாளத்தைப் பிடுங்கும். முதல் 5 மைலில் அதை அடக்கினால் கடைசி 5 மைல் நன்றாகப் போகும். தொட்டி வந்தால் நிறுத்துங்கள். புல் இருந்தால் நாலு வாய் மேயவிடுங்கள், அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் போய்விடாது.

சோதனை இடத்துக்கு அரை மைல் இருக்கும்போதே இறங்கி, வாரை ஒரு துளை தளர்த்தி, கூடவே நடந்து வாருங்கள். வெயிலாக இருந்தால் கழுத்து, மார்பு, கால்களின் உள்பக்கம் என்று தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் கடும் வெயிலில் அது நல்லதே செய்கிறது என்று காட்டிவிட்டன. குளிர்காலக் காலையில் மட்டும் பின்தொடைப் பெரிய தசைகளில் ஊற்றாதீர்கள். நாடி இறங்கியதும் ஓய்வு நேரம் ஓட ஆரம்பிக்கும். அந்த நேரம் குதிரைக்குச் சாப்பிட. நாலு பேர் வந்து பேச்சுக் கொடுப்பார்கள், குதிரை வாய் புல்லில் இருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

இந்த அறிகுறிகளைக் கண்டால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள்: காபி நிறத்தில் சிறுநீர், பின்னங்கால் விறைத்து நடக்க மறுப்பது, விலா இதயத்துடிப்போடு சேர்ந்து வெட்டிவெட்டித் துடிப்பது, புல்லைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. எதுவும் இல்லாமலே மனசு சரியில்லை என்று பட்டாலும் நிறுத்தலாம், யாரும் காரணம் கேட்டு நச்சரிக்க மாட்டார்கள். நானே மூன்று தடவை நிறுத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதற்காக வருத்தப்பட்டதில்லை.

முடித்ததும் கடைசிச் சோதனை, மறுபடி ட்ராட். அது தேறினால்தான் முடித்ததாகக் கணக்கு. அன்றைக்கே ட்ரெய்லரில் ஏற்றி ஊருக்குக் கிளம்பாதீர்கள். களைத்த குதிரையை மணிக்கணக்கில் நிற்கவைத்துக் கொண்டுபோனால் வழியில் வயிற்று வலி வரலாம், உங்களுக்கும் தூக்கம் கண்ணைச் சுற்றும். இரவு தங்குங்கள், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் நடத்துங்கள். ஞாயிறு காலை கால்களைத் தடவிப் பாருங்கள், சூடு, வீக்கம் இருக்கிறதா என்று. சேணத்துக்குக் கீழே முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள், நெளிந்தால் சேணம் பொருந்தவில்லை. லத்தியைக் கூட்டி அள்ளி, இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் சவாரி வேண்டாம், வெளியே அவிழ்த்துவிடுங்கள். முத்து இறங்கியதும் மண்ணில் இரண்டு பக்கமும் புரண்டு எழுந்து, உடம்பை உதறிவிட்டு, நேராகத் தொட்டிக்குப் போவான். காதுகள் ஒவ்வொரு மடக்குக்கும் முன்னும் பின்னும் அசையும், நான் வேலியில் சாய்ந்து எத்தனை மடக்கு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அதையும் நோட்டில் எழுதிவைக்கிறேன்.