மேப் அப்டேட் ஏற மறுத்தால் பென்டிரைவைக் கவனியுங்கள்

கார் ஜிபிஎஸ்ஸில் மேப் அப்டேட் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன், 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 (டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) முறையில் ஃபார்மேட் செய்து, அப்டேட் ஃபைல்களை மட்டும் அதில் புதிதாகக் காப்பி செய்து போட்டுப் பாருங்கள். 64, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில்தான் வரும், பழைய ஜிபிஎஸ் யூனிட் பலவற்றுக்கு அதைப் படிக்கத் தெரியாது. டவுன்லோடு செய்த ஜிப் ஃபைலை (சுருக்கிக் கட்டிய ஃபைல்) பிரிக்கும்போது உருவாகும் கூடுதல் ஃபோல்டருக்குள் ஃபைல்கள் கிடந்தாலும் யூனிட் கண்டுகொள்ளாது, அதனால் டிரைவைத் திறந்ததுமே தெரிகிற மாதிரி வெளியே எடுத்து வையுங்கள். அப்புறம், ஏறி முடியும்வரை வண்டியை ஆஃப் செய்ய வேண்டாம்.

ஏறியதா என்று பார்க்க, நம்ம பக்கம் மேலூர் - காரைக்குடி நான்குவழிச் சாலையை மேப்பில் பெரிதாக்கிப் பாருங்கள், பழைய மேப்பில் அது இருக்காது.

ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஏற்காது, அங்கே இந்த வழி உதவாது. வண்டியோடு வந்த மேப் எஸ்டி கார்டை மட்டும் தயவுசெய்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், பல வண்டிகளில் வேறு கார்டில் காப்பி செய்து போட்டால் வேலை செய்யாது.