ஊட்டி மலர் கண்காட்சிக்கு முதல் தடவையா போறீங்களா? இ-பாஸ்ல ஆரம்பிச்சு தோடர் மந்து வரைக்கும், ஒவ்வொண்ணா சொல்றேன்

மே மாசம் பொறந்தா போதும், சொந்தத்துல யார் ஊட்டிக்குக் கிளம்பினாலும் எனக்குத்தான் போன் வருது. எப்ப போறது, எந்த கேட், வயசானவங்களால நடக்க முடியுமா, பாஸ் எடுக்கணுமாமே, இதேதான் எல்லாரும் கேக்கறாங்க. 2024-லயும் 2025-லயும் அம்மாவ கூட்டிட்டு போயிட்டு வந்தேன், முதல் தடவை படாத பாடு பட்டு ரெண்டாவது தடவை ஒரு பூவையும் விடாம நிதானமா பாத்தோம், அந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டத எழுதி வெச்சுடறேன். ரூம் புக் பண்றது, ரயில் டிக்கெட் எடுக்கறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல. ரூம் மட்டும் தேதி அறிவிச்ச உடனே போட்டுடுங்க.

1. எந்த நாள் போறது

முன்னாடி எல்லாம் 5 நாள்தான் நடக்கும், 2023-ல கூட மே 19-ல இருந்து 23 வரைக்கும்தான். 2025-ல மே 15-ல இருந்து 25 வரைக்கும் 11 நாள் நடந்துச்சு. நாள் நிறைய இருக்கே, கடைசில ஒரு சனிக்கிழமை போய்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பெரிய பெரிய உருவம் செஞ்சு வெப்பாங்க இல்லையா, 2024-ல மலை ரயில், 2025-ல ராஜராஜ சோழன் அரண்மனை, அதெல்லாம் வெட்டின பூவுல செய்யறது. கார்னேஷன், ரோஜா, சாமந்தி இதையெல்லாம் ஈரம் பிடிச்சு வெக்கிற ஸ்பாஞ்சுல ஒவ்வொண்ணா குத்தி நிறுத்துவாங்க. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும்போது நாலஞ்சு நாள்ல ஓரம் பழுப்பேறிடும், வாடினத எடுத்துட்டு புதுசு வெச்சாலும் முதல் ரெண்டு மூணு நாள் இருக்கிற பளபளப்பு வராது.

அதுக்காக தொடக்க நாள் போகாதீங்க. காலைல திறப்பு விழா, விஐபி வருவாங்க, அது முடிஞ்சுதான் நமக்கு வழி கிடைக்கும். பல வருஷம் அன்னைக்கு நீலகிரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவாங்க, ஊர்க்காரங்க குடும்பத்தோட வர்ற நாள் அது, அவங்களும் பாக்கணும் இல்லையா. என் கணக்கு, ரெண்டாவது இல்ல மூணாவது நாள், அது சனி ஞாயிறா இல்லாம இருந்தா அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆரம்பிக்கிற தேதியே வார இறுதிய ஒட்டி வந்துச்சுன்னா திங்கள் வரைக்கும் பொறுங்க.

2. இ-பாஸ் (இத மட்டும் ரெண்டு தடவை படிங்க)

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி போகணும்னா இ-பாஸ் வேணும்னு வந்துச்சு. நாங்க போனது அது வந்த அதே வாரம். தமிழ்நாடு அரசு தளத்துல மொபைல் நம்பர் போட்டு, ஓடிபி வாங்கி, வண்டி நம்பர், எத்தனை பேர், எந்த தேதி ஏறுறோம், எந்த தேதி இறங்குறோம், எங்க தங்குறோம் எல்லாம் குடுத்தா கியூஆர் கோடோட பாஸ் வந்துடும். காசு கிடையாது, யாராவது காசு கேட்டா அது அரசு தளமே இல்ல, வெளிய வந்துடுங்க.

இவ்ளோதானே, பத்து நிமிஷ வேலைன்னு நானும் நினைச்சேன். எங்க மாட்டினேன்னா, பாஸ் குடுக்கறது ஆளுக்கு இல்ல, வண்டி நம்பருக்கு. நாங்க மேட்டுப்பாளையத்துல இருந்து வாடகை கார் சொல்லியிருந்தோம், மூணு நாள் முன்னாடியே நம்பர் வாங்கி பாஸும் எடுத்தாச்சு. கிளம்புற அன்னைக்கு விடியக்காலை, அந்த வண்டிக்கு ஏதோ வேலை வந்துடுச்சுன்னு வேற கார் அனுப்பிட்டாங்க. இருட்டுல ஏறி உக்காந்தோம், நம்பர் பிளேட்ட யாரும் பாக்கல. கல்லாறு செக்போஸ்ட்ல பாஸ ஸ்கேன் பண்ணிட்டு "அண்ணே, இதுல வேற நம்பர் இருக்கு, வண்டிய ஓரங்கட்டுங்க"ன்னுட்டாங்க. டிரைவர் அண்ணன் மேல தப்பே இல்ல, அவருக்கு நான் பாஸ் எடுத்து வெச்சதே தெரியாது. அங்கயே புதுசா எடுக்கலாம்னா எனக்கு முன்னாடி இருபது வண்டி அதே மாதிரி நிக்குது, சிக்னல் வந்து வந்து போகுது, ஓடிபி வர்றதுக்குள்ள பக்கம் காலாவதி ஆகுது. அம்மா கார்லயே உக்காந்து முழங்காலத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணே முக்கால் மணி நேரம். கேட் திறக்கும்போது உள்ள இருக்கணும்னு போட்ட திட்டம் அங்கயே போச்சு, பூங்காவுக்குள்ள நுழையறப்ப உச்சி வெயில், பூவுக்கு பதிலா முதுகுகளத்தான் பாத்தோம்.

அதனால இப்படி பண்ணுங்க. வாடகை வண்டின்னா முந்தின நாள் ராத்திரி டிரைவருக்கே நேரா போன் போட்டு நம்பர கேட்டு பாஸோட ஒத்துப் பாருங்க. காலைல வண்டி வந்ததும் ஏறுறதுக்கு முன்னாடி பிளேட்டயும் ஒரு தடவை பாத்துடுங்க. மாறியிருந்தா வீட்டு வாசல்லயே, நெட் நல்லா இருக்கும்போதே புது பாஸ் எடுத்துடுங்க. ஸ்கிரீன்ஷாட் வெச்சா போதும்னு சொல்வாங்க, நான் பிரிண்ட்டும் எடுத்து டேஷ்போர்டுல வெச்சுடுவேன், எனக்கு பேப்பர்தான் நம்பிக்கை.

இன்னொண்ணு, 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் முடியற வரைக்கும் ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதில 8,000 வண்டின்னு எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினாங்க. அந்த மாதிரி கட்டுப்பாடு இருக்கிற வருஷம் கடைசி நிமிஷத்துல உக்காந்தா நீங்க நினைச்ச நாள் கிடைக்காது. ரூம் போட்ட கையோட பாஸையும் பாத்துடுங்க.

(பிற்சேர்க்கை: அரசு பஸ்ல போனாலும் பாஸ் வேணுமான்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. வேணாம். பஸ்லயோ ரயில்லயோ போறவங்களுக்கு இந்த வேலையே இல்ல. ரெண்டாவது வருஷம் நாங்க மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்லதான் போனோம், தனியா போறவங்க, ரெண்டு பேரா போறவங்களுக்கு நான் சொல்றது பஸ்தான். மலை ரயில் அழகு, ஆனா காலைல மேட்டுப்பாளையத்துல கிளம்பினா ஊட்டி சேர மதியம் ஆயிடும், கண்காட்சி பாக்கற அன்னைக்கு அது சரிவராது, இன்னொரு நாளைக்கு வெச்சுக்கோங்க.)

3. பையில என்ன இருக்கணும்

பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகாதீங்க, நீலகிரில தடை, செக்போஸ்ட்ல வாங்கி வெச்சுக்குவாங்க. ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க, வழில தண்ணி ஏடிஎம் இருக்கு, நிரப்பிக்கலாம். பிளாஸ்டிக் கவருக்கு பதில் மஞ்சப்பை. குடையா ரெயின்கோட்டான்னா நான் ரெயின்கோட்டுன்னுதான் சொல்வேன், கூட்டத்துல குடை விரிச்சா பின்னாடி நிக்கிறவங்களுக்கு பூவும் தெரியாது, கம்பி கண்ணுல வேற குத்தும். மதியத்துக்கு மேல கோடை மழை எப்ப வேணா பிடிக்கும். செருப்பு வேணாம், பிடிமானம் உள்ள ஷூ போடுங்க, ஈரமான சரிவுல வழுக்கும்.

4. பூங்காவுக்குள்ள எந்த வழி

சீசன்ல கார ஊருக்கு வெளியவே நிறுத்த வெச்சுட்டு சர்க்யூட் பஸ்ல அனுப்பறது உண்டு, அதுக்கு ஒரு அரை மணி நேரம் சேத்து வெச்சுக்கோங்க. டிக்கெட் மத்த நாளைவிட கண்காட்சி நாள்ல அதிகம். காலைல கேட் திறக்கும்போதே போயிடுங்க, அந்த முதல் ரெண்டு மணி நேரம்தான் தங்கம். மேகமூட்டமா இருந்தா கவலையே படாதீங்க, பூவ போட்டோ எடுக்க அதுதான் நல்ல வெளிச்சம், வெயில்ல சிவப்பு எல்லாம் திட்டுத்திட்டா வரும்.

உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பெரிய புல்தரைல இருக்கிற அந்த பெரிய உருவத்துக்கிட்ட போய் நின்னுடுவாங்க. நீங்க அங்க ஒரே ஒரு படம் எடுத்துட்டு நேரா மலர் மாடத்துக்குப் போயிடுங்க. படிப்படியா அடுக்கி வெச்ச ஆயிரக்கணக்கான தொட்டி, சால்வியா, பேன்சி, டேலியா, பிகோனியா, சினரேரியா, லில்லியம். இதுக்கான வேலை பல மாசத்துக்கு முன்னாடியே தொடங்கிடுது, மே மாசம் சரியா பூக்கணும்னு கணக்கு போட்டு விதைச்சு, நாத்து எடுத்து, உறைபனில கருகாம காப்பாத்தி, அப்புறம்தான் மாடத்துல ஏத்தறாங்க. வெட்டின பூவுல செஞ்ச உருவத்தைவிட எனக்கு இதுதான் உசத்தி, வேரோட உயிரோட நிக்கிற செடி இல்லையா. கூட்டம் சேர்ந்தா இந்த மாடத்துக்கு முன்னாடி நிக்க விடமாட்டாங்க, நகருங்க நகருங்கன்னு விசில் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, அதனாலதான் காலைலயே பாக்கச் சொல்றேன்.

அடுத்து கண்ணாடி மாளிகை, இத்தாலியன் பூங்கா. அப்புறம் முக்கால்வாசி பேர் தவறவிடற இடம், போட்டி அரங்கு. போன்சாய், இகெபனா (ஜப்பான் பாணி பூ அலங்காரம்), வீட்டுத் தோட்டக்காரங்க கொண்டு வந்து வெச்ச பூ இதெல்லாம் இருக்கும். சொந்தமா தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கும் போட்டி நடத்தி கோப்பை குடுக்கறாங்க. வீட்டு மாடில நாலு தொட்டி வெச்சிருக்கிறவங்க இங்க ஒரு மணி நேரம் செலவழிங்க, ஒரு சின்ன தொட்டிய எப்படி வளர்த்திருக்காங்கன்னு கிட்ட போய் பாக்க முடியறது இங்க மட்டும்தான். அம்மா ஒரு டேலியாவுக்கு முன்னாடி நின்னு இலை, தண்டு, மண்ணுன்னு எல்லாத்தையும் பாத்துட்டு "பூவ விடு, இலைல ஒரு பூச்சிக் கடி இல்ல பாரு"ன்னாங்க.

மூட்டு வலி இருக்கிறவங்க கூட வந்தா இதோட கீழயே பெஞ்ச்ல உக்கார வெச்சுடுங்க. தொட்டபெட்டா சரிவுல 55 ஏக்கர்ல பரவி கிடக்கிற பூங்கா இது, மேல போகப் போக ஏத்தம்தான். நடக்க முடியறவங்க 2 கோடி வருஷத்துக்கு முந்தின கல்மரத்தை (மரம் அப்படியே கல்லா மாறினது) பாத்துட்டு, அப்படியே தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடி மக்களோட குடியிருப்பு வரைக்கும் ஏறுங்க. மேல கூட்டமே இருக்காது. இந்தப் பூங்கா பூவுக்காக ஆரம்பிச்சதே இல்ல தெரியுமா, இங்க இருந்த வெள்ளக்காரங்க மாசம் 3 ரூபா சந்தா போட்டு காய்கறிக்காக ஆரம்பிச்ச தோட்டம், அது ஒழுங்கா ஓடாம போய், அப்புறம் 1848-ல மெக்ஐவர்ங்கற தோட்டக்கலை நிபுணர் வந்துதான் இந்த சரிவையெல்லாம் தாவரவியல் பூங்காவா மாத்தினார். மந்துகிட்ட நின்னு கீழ பாத்தா அந்த வேலை எவ்ளோ பெருசுன்னு புரியும்.

5. செடி வாங்கறவங்களுக்கு

பூத்துக் குலுங்குதேன்னு சைக்ளமனும் ஃபியூஷியாவும் வாங்கிட்டு சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டு போகாதீங்க. மே மாச வெயில்ல ஒரு வாரம் தாங்காது, நான் ரெண்டு ஃபியூஷியாவ அப்படித்தான் பறிகொடுத்தேன். பெட்டூனியா, பேன்சி பிடிச்சிருந்தா பேர மட்டும் குறிச்சுக்கிட்டு வாங்க, மழைக்காலம் ஓய்ஞ்சு குளிர் ஆரம்பிக்கும்போது சமவெளிலயும் விதை போட்டு பூக்க வைக்கலாம்.

(இன்னொரு பிற்சேர்க்கை: மே மாசம் லீவு கிடைக்கல, என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது சீசன் உண்டு. மேல சொன்ன அதே மலர் மாடத்துல அப்பவும் தொட்டிங்கள அடுக்கி வெப்பாங்க, பெரிய உருவம் இருக்காது, கூட்டமும் பாதிகூட இருக்காது. இந்த வருஷம் அம்மா அப்ப போகலாம்னு சொல்லிட்டாங்க, நான் வண்டி சொல்லல, பஸ்தான்.)