வோஷிங் மெஷினில் தண்ணீர் தேங்கி நின்றால்

உடுப்புத் தோய்த்து முடிந்தும் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கிறது, ஸ்பின் ஓடவில்லை, கதவும் திறக்கவில்லை. முன்கதவு மெஷின்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. மோட்டர் எரிந்துவிட்டதென்று உடனே முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் வெளியேறாமல் மெஷின் வேகமாகச் சுற்றாது, கதவையும் விடாது. அநேகமாக எங்கோ அடைத்திருக்கும்.

முதல் வேலை, பிளக்கைக் கழற்றுவது. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. சுடுதண்ணீரில் போட்டிருந்தால் ஆறவிடுங்கள். முன்பக்கம் அடியில், பெரும்பாலும் வலது மூலையில், சின்ன மூடி ஒன்று இருக்கும். அதற்குள் வட்டமான பில்டர். பல மெஷின்களில் பக்கத்திலேயே மெல்லிய றப்பர் குழாயும் இருக்கும். தட்டையான தட்டமொன்றை வைத்து, பழைய துவாயை விரித்து, அந்தக் குழாயால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகுதான் பில்டரை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் வீடு முழுக்க வெள்ளம்.

சில்லறைக் காசு, ஹெயார்பின், பிள்ளையின் காலுறை, உள்ளாடைக் கம்பி எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். பில்டரைக் கழுவிவிட்டு நிறுத்தாமல், அந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் சிறிய விசிறி தெரியும். அதன் தண்டில் தலைமயிரும் நூலும் சுற்றியிருந்தால் சாமணத்தால் இழுத்தெடுங்கள். ஒரு குச்சியால் விசிறியைச் சுற்றும்போது விட்டுவிட்டு, தட்டித் தட்டித் திரும்பும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும், பழுதென்று நினைத்துவிடாதீர்கள். தடையே இல்லாமல் சுழன்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பம்ப் தேய்ந்துவிட்டது.

பில்டரின் றப்பர் வளையத்தைத் துடைத்து, கோணாமல் பூட்டி, ஸ்பின்னை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பம்ப் இரைகிறது, தண்ணீர் போகவில்லை என்றால் வெளியேற்றும் ஹோஸ் மடங்கியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மறுபடி பிளக்கைக் கழற்றி, பம்பின் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு மல்டிமீற்றரால் அளக்கலாம். ஏறக்குறைய 100 முதல் 200 ஓம் காட்டினால் பம்புக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது கொயில், நல்லது. ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் பல்கனியில் மெஷின் வைத்திருப்பவர்கள் பம்பைக் குறை சொல்லும் முன் வயர் முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டித் துடைத்தாலே பல தடவை சரியாகிவிடும்.

ஹோஸின் முனை நிலத்திலிருந்து 60 முதல் 100 சென்றிமீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். குளியலறைத் தரையில் சும்மா போட்டால், ஏறுகிற தண்ணீர் அப்படியே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும்; மெஷின் நிரம்பவே நிரம்பாது.

தண்ணீர் மெதுவாக வருவது வேறு பிரச்சினை. தொடர்மாடியின் மேல்மாடியில் தாங்கி மெஷினுக்கு மேல் இரண்டு மீற்றரில் இருந்தால் கிடைப்பது 0.2 பார் அழுத்தம்தான். பல மெஷின்களுக்கு 0.3 அல்லது 0.5 பாராவது வேண்டும். சிறிய பிரஷர் பம்ப் பூட்டுவதே வழி. தண்ணீர் வெட்டுக்குப் பிறகு, பைப்பைத் திறந்து கலங்கல் போகும்வரை வாளியில் பிடித்துவிட்டு மெஷினைப் போடுங்கள். பின்பக்கம் ஹோஸ் பூட்டும் இடத்திலுள்ள வலையையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள்.

சவர்க்காரத் தூளைக் குறைத்தே போடுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் போலல்ல, கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. அதே அளவு தூள் போட்டால் நுரை பொங்கும். நுரையை இழுக்க முடியாமல் பம்ப் காற்றை விழுங்கும், தண்ணீர் உள்ளேயே தேங்கிவிடும்.

பம்ப் மாற்றுவது செலவு குறைந்த வேலை, தயங்கவே வேண்டாம். பழையதைக் கையோடு கழற்றிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போங்கள். ஸ்குரூ பூட்டும் இடங்கள், வயர் முனை, 220–240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்ற எழுத்து எல்லாம் ஒத்திருக்க வேண்டும். டிரம் பெயரிங் அப்படியல்ல. வெறும் டிரம்மைக் கையால் சுற்றும்போது உறுமினால், விளிம்பைப் பிடித்துத் தூக்கும்போது ஆடினால், பெயரிங் போய்விட்டது. வெளித்தொட்டி ஒட்டி மூடப்பட்ட மொடலென்றால் தொட்டியையே முழுதாக மாற்ற வேண்டிவரும். மெஷினும் பழையதென்றால் அந்தக் காசைப் புதியதில் போடுங்கள்.