சப்மிட் பட்டனைக் காணோம் என்றால்

போன மாதம் ஒரு ராத்திரி எட்டரை மணி. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன், போன் அடித்தது. கோயம்புத்தூரில் படிக்கிற அண்ணன் மகள்.

"அத்தை, ஃபார்ம் எல்லாம் ரொப்பிட்டேனுங்க. சப்மிட் பட்டனையே காணோம்."

"ஏனம்மிணி, அடியில குறுக்கால ஒரு பட்டை தெரியுதா? வலது பக்கமா இழு."

"இழுத்தா பட்டன் வருதுங்க, ஆனா இடது பக்கம் போயிருது. எதுக்கு டிக் போட்டேன்னு தெரியல."

"சரி, இழுக்காத. கண்ட்ரோலை அமுக்கிட்டே மைனஸ் தட்டு. ஒரு தட்டு போதும்."

தட்டினாள். 90 சதவீதம் என்று காட்டியது, பட்டன் உள்ளே வந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் கேட்டதுதான் கேள்வி: "புது லேப்டாப்புங்க அத்தை. உங்க கடை டப்பா மானிட்டர்ல சரியா தெரியறது இதுல ஏன் தெரியல?"

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பக்கம் தோப்பு, அந்தப் பக்கம் காடு. ஒரே ஆளுக்குக் காலையில் கேரளத்துக் கரம், அதாவது நிலவரி, கட்டணும், மத்தியானம் தமிழ்நாட்டுப் பட்டா எடுக்கணும். ஒரு தளம் மலையாளத்தில், ஒன்று தமிழில், இரண்டும் இங்கிலீஷ் கலந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலத்தில். அதனால் பக்கத்தைச் சுருக்கி விரிக்கிற இந்த ஜூம் விவகாரத்தில் என் கை நிறையப் பழகியிருக்கிறது.

என் பழைய மானிட்டர் 1366-க்கு 768 புள்ளி, அதாவது பிக்சல். அவளுடைய லேப்டாப் 1920-க்கு 1080. கேட்டால் அவளுடையதுதான் பெரிது. ஆனால் பதினாலு இன்ச்சுக்குள் அத்தனை புள்ளியை அடைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும் என்று, விண்டோஸே எல்லாவற்றையும் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தது. 1920-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1280. உயரம் 720. ஆக, வலைப்பக்கத்துக்குக் கிடைக்கிற இடம் என் டப்பா மானிட்டரைவிடக் குறைச்சல்! அந்த விண்ணப்பத்தைச் செய்தவர்கள் 1300-க்கு மேல் அகலம் இருக்கும் என்று நம்பி, அதைச் சுருங்காதபடி கட்டிவிட்டார்கள் போல. 90-க்குக் கொண்டுவந்ததும் 1280-க்குப் பதில் 1422 கிடைத்தது, பட்டன் உள்ளே வந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை, வகுத்தல் கணக்குதான்.

உங்கள் கணினியில் இது எவ்வளவு என்று பார்க்க, டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள். ஸ்கேல் என்று ஒரு எண் இருக்கும். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு தளத்துக்காக அதை மாற்றினால் ஐகான், மெனு, மற்ற மென்பொருள் எல்லாமே சிறுத்துப் போகும். ஒரு பக்கம் அடங்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் தொடுவதே சரி.

தொடுவது எப்படி? கண்ட்ரோலோடு மைனஸ் தட்டினால் சுருங்கும், பிளஸ் தட்டினால் விரியும், பூஜ்யம் தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பிளஸ் குறிக்காக ஷிப்ட் அமுக்கித் தவிக்க வேண்டாம், பிளஸ் இருக்கிற அந்தச் சமக்குறி (=) கட்டையையே கண்ட்ரோலோடு தட்டினால் போதும். மேக் என்றால் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். விசைப்பலகை பிடிக்காதவர்களுக்குக் குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியில் ஜூம் என்றே ஒரு வரி உண்டு. அதன் ஓரத்தில் இருக்கிற சதுரத்தைத் தொட்டால் முழுத்திரை. எஃப் 11-ம் அதையே செய்யும். பக்கம் அகலத்தில் சரியாக இருந்து உயரத்தில் மட்டும் இடிக்கிறது என்றால், ஜூமைத் தொடும் முன் எஃப் 11 அமுக்கிப் பாருங்கள். மேலே இருக்கிற டேப், முகவரிப் பட்டை, கீழே டாஸ்க்பார் எல்லாம் மறைந்து கணிசமாக இடம் கிடைக்கும்.

எதுவரை சுருக்கலாம் என்பதில்தான் நான் கறார். குரோம் 100-க்குக் கீழே 90, 80, 75, 67, 50 என்று இறங்கும். ஃபயர்பாக்ஸ் 80-லிருந்து நேரே 67. இங்கிலீஷ் மட்டும் என்றால் 67-லும் ஒப்பேற்றலாம். தமிழ் அப்படி இல்லை. சாதாரணமாக 16 பிக்சலில் வருகிற எழுத்து 67-ல் பதினொன்றைத் தொடாது. அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி தூசியா புள்ளியா என்று தெரியாது. 'ல'வும் 'வ'வும் ஒன்றாகிவிடும். ஒரு தடவை அவசரத்தில் செல்வி என்கிற பெயரைச் செல்லி என்று அடித்துவிட்டு, சரிபார்க்கும் பக்கத்தையும் 67-லேயே பார்த்து, சரி என்று அனுப்பிவிட்டேன். திருத்துவதற்கு அந்த அக்கா மூன்று நடை நடந்தார். மலையாளக் கூட்டெழுத்து இன்னும் மோசம், ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். ஆகவே எங்கள் கடையில் 80-க்குக் கீழே இறங்குவது பட்டனைப் பிடிக்க மட்டும். சரிபார்க்கும்போது 100, வயசானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் 125.

பெரிதாக்கும்போது ஒன்று நடக்கும், பயப்பட வேண்டாம். 150, 175 போகிறபோது சில தளங்கள் சட்டென்று உருமாறும்: மேலே வரிசையாக இருந்த மெனு மறைந்து மூலையில் மூன்று கோடு வந்து நிற்கும். இடம் குறைந்ததால் தளம் இதைப் போன் என்று நினைத்துக்கொள்கிறது. அந்த மூன்று கோட்டைத் தொட்டால் மெனு இருக்கும். உண்மையில் இப்படி மாறுகிற தளம்தான் ஒழுங்காகச் செய்த தளம். இணையத்துக்குத் தரம் வகுக்கிற டபிள்யூ3சி, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் புழங்க முடிய வேண்டும் என்று 2018-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலேயே இது இருக்கிறது: 1280 அகலத் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கினாலும், அதாவது 320 மட்டும் கிடைத்தாலும், இடம் வலமாக இழுக்காமல் படிக்க முடிய வேண்டும். மேப், பெரிய அட்டவணை மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

குரோம் நீங்கள் வைத்த அளவைத் தளவாரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீட்டில் அது வசதி. பலர் புழங்குகிற கடையில் தொல்லை, காலையில் ஒருத்தர் 50-ல் விட்டுப்போனதைச் சாயங்காலம் வருகிறவர் பார்த்துவிட்டு "கண்ணு போச்சுங்க" என்பார். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் பூதக்கண்ணாடிக் குறி இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத் தொட்டு ரீசெட் கொடுங்கள். எல்லாத் தளமுமே சிறிதாகத் தெரிகிறது என்றால் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ், அதற்குள் பேஜ் ஜூம் என்று போய் 110-ஓ 125-ஓ நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸில் எழுத்தை மட்டும் பெரிதாக்க ஒரு டிக் இருக்கிறது. படம் அப்படியே நிற்கும், எழுத்து மட்டும் வளரும். செய்தி படிக்க நல்லது, விண்ணப்பத்தில் வேண்டாம், கட்டத்துக்கு வெளியே எழுத்து வழியும்.

கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் ஜூம் மாறும். இதனால் ஒரு நாள் முழுக்க நான் ஏமாந்தேன். பக்கத்தைக் கீழே தள்ள உருட்டினால், பக்கம் தானாகச் சுருங்குகிறது. வைரஸ் என்றே முடிவுகட்டி ஸ்கேனும் ஓடவிட்டேன். கடைசியில் பார்த்தால் முந்தின நாள் யாரோ சர்பத் சிந்தி, கண்ட்ரோல் கட்டை அமுங்கியபடியே ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியில் துடைத்ததும் வைரஸ் போய்விட்டது!

கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது பிரிண்டில். திரையில் அடங்கினால் தாளிலும் அடங்கும் என்று நினைப்பார்கள். திரை ஜூம் வேறு, அச்சு அளவு வேறு. கண்ட்ரோல் பி கொடுத்து, மோர் செட்டிங்ஸ் திறந்து, ஸ்கேலில் கஸ்டம் எடுத்து அங்கே தனியாக 85, 90 என்று போட வேண்டும். முன்னோட்டத்தில் வலது ஓரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். அட்டவணை அகலமாக இருந்தால் எண்ணைக் குறைப்பதைவிட லேண்ட்ஸ்கேப்புக்கு மாற்றுவது மேல்; ஏ4 தாள் படுத்தால் 297 மில்லிமீட்டர், நின்றால் 210 தான். பிடிஎஃப் என்றால் எண்ணே வேண்டாம், அதே ஸ்கேலில் ஃபிட் டு பேப்பர் போதும்.

போனில் திறந்து எல்லாம் பொடிப்பொடியாக வந்தால், குரோமின் மூன்று புள்ளியில் டெஸ்க்டாப் தளம் என்பதில் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப்பேருக்கு எப்போதோ போட்ட டிக் எடுக்காமலே கிடக்கும். சில தளங்கள் இரண்டு விரலால் விரிக்கவே விடாது. செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) பகுதிக்குள் ஜூமைக் கட்டாயமாக அனுமதிக்க ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் விரியும்.

அண்ணன் மகள் மறுநாள் காலையில் திரும்பக் கூப்பிட்டாள். பட்டனை அமுக்கிவிட்டாளாம், ஆனால் ஓடிபி கேட்கிற கட்டம் தெரியவில்லையாம்.

"இன்னொரு மைனஸ், அம்மிணி."