வீடு விற்ற பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் ஃபோனில் ஒரு என்ஆர்ஐ வாடிக்கையாளரிடம், "முதல்ல கிரயத்தை முடிச்சிடுங்க சார், டிடிஎஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். அதனால் அவனைத் திட்டவும் வாய் வரவில்லை.

ஸ்விஃப்ட் கோடு தப்பு, பெயரில் இன்ஷியல் தப்பு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை வங்கியே பிடித்துக் கொடுத்துவிடும்.

குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வாங்காமல் அட்வான்ஸ் வாங்குவது

விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். இதுதான் டிடிஎஸ். லாபத்துக்குத்தான் வரி. ஆனால் உங்கள் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அதனால் மொத்த விலைக்கும் கணக்கிட்டுப் பிடிப்பார்.

80 லட்சத்துக்கு வாங்கி, சில வருடம் வைத்திருந்து, 1 கோடிக்கு விற்கிறீர்கள். லாபம் 20 லட்சம். 12.5 சதவீத வரியும் அதன்மேல் வரும் செஸ்ஸும் சேர்த்து 2.6 லட்சம். மொத்த விலையில் பிடித்தால் பெரிய தொகைக்கான கூடுதல் வரியான சர்சார்ஜும் சேர்ந்து 14.3 லட்சம் போய்விடும். மீதியைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தால், இவ்வளவு பிடித்தால் போதும் என்று சான்றிதழ் தருவார்கள். ஆனால் அது கையில் வந்த பிறகு தரப்படும் பணத்துக்குத்தான் செல்லும். முன்னால் வாங்கிய அட்வான்ஸுக்கு முழு விகிதம்தான். பத்திரப்பதிவே முடிந்துவிட்டால் சான்றிதழால் பயனே இல்லை.

என் முதல் என்ஆர்ஐ வாடிக்கையாளர் சிங்கப்பூரில் இருந்தார். அப்பா கட்டிய வீட்டை விற்றார். வாங்குபவர் அவசரப்பட்டார், இவரும் லீவு முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்றார், நானும் தலையாட்டினேன். இந்தப் பணத்தை நம்பி அங்கே ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். ரீஃபண்ட் அடுத்த வருடம்தான் வந்தது. "நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆள் கிடைத்ததும் வேண்டியது ஒப்பந்தமும் விண்ணப்பமும். வாங்குபவர் முரண்டு பிடித்தால், சான்றிதழ் வரும்வரை அட்வான்ஸைச் சின்னத் தொகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதவீதம் டிடிஎஸ் போதும் என்று புரோக்கர் சொல்வதை நம்புவது

அது விற்பவர் இங்கேயே வசித்தால், அதுவும் 50 லட்சத்திலிருந்து. வெளிநாட்டுவாசி விற்றால் அந்த 50 லட்சம் வரம்பே கிடையாது. குறைவாகப் பிடித்தால் நோட்டீஸ் வாங்குபவருக்கு வரும்; அவர் உங்களைத் தேடுவார்.

பழைய சேமிப்புக் கணக்கில் பணம் வாங்குவது

வெளிநாடு போனபோதே அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக, மாற்றியிருக்க வேண்டும். விற்ற பிறகு ஓடாதீர்கள்.

வாங்குபவரையே வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்வது

வேண்டாம். ரூபாயாக என்ஆர்ஓவுக்கு வரட்டும்.

உங்கள் சார்பில் விற்கப் பவர் பத்திரம் வைத்திருப்பவரின் கணக்கில் வாங்குவது

அண்ணன் தம்பியாக இருந்தாலும் வேண்டாம்.

பாதியை ரொக்கமாக வாங்குவது

பத்திரத்தில் இல்லாத பணம் கடல் தாண்டாது.

வரம்பையும் காகிதத்தையும் கடைசியில் நினைப்பது

என்ஆர்ஓவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். பெரிய தொகை என்றால் ஒரு பகுதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்புவோம். எங்கள் வாயில் 15சிஏ, 15சிபி என்று புழங்கும் படிவங்களில் ஒன்று உங்கள் உறுதிமொழி, மற்றது ஆடிட்டர் சான்று. கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், டிடிஎஸ் சான்று எல்லாம் வங்கி கேட்கும். பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுச் சான்றிதழும் கேட்கும். அதைப் பத்திரப்பதிவுக்கு ஊருக்கு வரும்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். சிங்கப்பூர்க்காரரின் வாரிசுச் சான்றிதழ் ஊரில் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி சிங்கப்பூரில்.